வார்டு எல்லையில் தொடங்குகிறது நகராட்சித் தேர்தல்

நகராட்சித் தேர்தல் விதிகள் என்றதும் பலருக்கும் வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வரும். அடையாள அட்டை, விரலில் மை, பூத்துக்குப் பக்கத்தில் பிரசாரம் கூடாது என்கிற கட்டுப்பாடு. இவை தேவையான விதிகள். பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கின்றன. ஆனால் ஒரு சின்ன ஊரில் யார் கவுன்சிலர், யார் சேர்மன் என்பதைத் தீர்மானிக்கிற விதிகள் வேறு. வார்டு எல்லை எங்கே ஓடுகிறது, எந்த வார்டு யாருக்கு ஒதுக்கப்படுகிறது, தேர்தல் எப்போது நடக்கிறது, தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்களா அல்லது கவுன்சிலர்களா. இந்த நாலும் முடிவான பிறகுதான் வாக்காளர் பூத்துக்குள் காலெடுத்து வைக்கிறார். தமிழ்நாட்டில் இந்த நாலிலும் மாநில அரசின் கைதான் ஓங்கியிருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் பிடி இறுகுவது அதற்கு அப்புறம்தான்.

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள். மொத்தம் 12,838 வார்டுகள். அதில் நகராட்சி வார்டுகள் மட்டும் 3,843. சராசரியாக ஒரு நகராட்சிக்கு 28 வார்டு. நான் இங்கே பேசப்போவது அந்த நடுத்தர அளவு ஊர்களைப் பற்றி. மேலூர், சங்கரன்கோவில், நெல்லிக்குப்பம் மாதிரி ஒரு பேருந்து நிலையமும் ஒரு காய்கறிச் சந்தையும் ஊரின் அடையாளமாக இருக்கிற இடங்கள்.

சட்ட அடிப்படை என்ன? 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம். நகராட்சி மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று பிரிவு 243யு சொல்கிறது. தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல, மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் தனித்தனி அமைப்புகள். மாநில ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே கடினமான முறையில்தான் அவரை நீக்க முடியும். அரசு அவரை அசைக்கக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு இது. இதற்குக் கீழே மாநிலச் சட்டங்கள். 2022 தேர்தல் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ்தான் நடந்தது. 1998-இல் இயற்றி வெகுகாலம் கிடப்பில் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 அன்றுதான் அமலுக்கு வந்தது. ஆகவே அடுத்த தேர்தல் புதுச் சட்டத்தின் கீழ் நடக்கப்போகிற முதல் பொதுத் தேர்தல்.

கோடு போடுகிறவர் யார்

வார்டு மறுவரையறைக்கு, அதாவது வார்டு எல்லைகளைத் திருத்திப் போடுவதற்கு, தமிழ்நாட்டில் 2017-இல் தனிச் சட்டம் வந்தது. மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில் ஒரு மறுவரையறை ஆணையம். உறுப்பினர்களாக அரசு உயர் அதிகாரிகள். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு ஊரின் வார்டு வரைவைத் தயாரிப்பது அந்த ஊர் நகராட்சி அலுவலகம். எந்தத் தெரு எங்கே தொடங்குகிறது, எந்தக் காலனியில் எத்தனை வீடு, எந்த வாய்க்கால் எல்லையாக நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வரைவு வெளியாகும்; ஆட்சேபணைக்கு நாள் கொடுப்பார்கள்; கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் கட்சிக்காரர்களும் முன்னாள் கவுன்சிலர்களும்தான். பொதுமக்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வார்டில் 1,500 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள். ஐந்து பேர் போட்டியிடுகிறார்கள். 350 ஓட்டு வாங்கினாலே ஜெயித்துவிடலாம். இரண்டாம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 40, 50 ஓட்டாக இருக்கும். இப்போது நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவை அடுத்த வார்டுக்குத் தள்ளிவிட்டால்? 200 ஓட்டுக்கு மேல் இடம் மாறிவிடும். சட்டமன்றத் தொகுதியில் ஒரு தெரு இடம் மாறினால் யாருக்கும் தெரியாது. நகராட்சி வார்டில் அது வெற்றி தோல்வியையே புரட்டிப் போடும். ஒரு சமூகத்தினர் அடர்த்தியாக வாழ்கிற பகுதியை இரண்டாகக் கிழித்து இரு வார்டுகளில் சிறுபான்மையாக்குவதும், ஒரே வார்டில் அடைத்துப் பக்கத்து வார்டுகளில் அவர்கள் குரலே இல்லாமல் செய்வதும் பேனா முனையில் முடிகிற காரியங்கள். இதைக் கண்டுபிடிக்கச் சட்ட அறிவு வேண்டாம். ஊர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பார்த்தால் போதும். அந்தப் பார்வை ஆட்சேபணைக் காலத்துக்குள் நடந்தாக வேண்டும். எல்லை அரசிதழில் வந்துவிட்ட பிறகு நீதிமன்றம் அதில் கை வைக்க அரசமைப்பின் பிரிவு 243இசட்ஜி-யே தடை போடுகிறது.

இன்னொரு சிக்கல், கணக்கு பழசு. வார்டுகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் பிரிக்கப்பட்டவை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. புதிய கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் ஊர்கள் அப்படியே நிற்கவில்லை. புறவழிச்சாலைப் பக்கம் புது நகர்கள் முளைத்தன. பழைய கடைவீதி வார்டில் குடியிருந்தவர்கள் வெளியே போனார்கள். கடைவீதிக் கவுன்சிலருக்கும் புறநகர் வார்டுக் கவுன்சிலருக்கும் மன்றத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் அவர்கள் பின்னால் இருக்கிற ஜனத்தொகை ஒன்றல்ல. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் இல்லாமல் தவிப்பது பெரும்பாலும் அந்தப் புது நகர்கள்தான் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு வெறும் எண் விவகாரம் இல்லை.

எந்த வார்டு யாருக்கு

பொது, பெண்கள் பொது, எஸ்.சி. பொது, எஸ்.சி. பெண்கள். வார்டுப் பட்டியல் வெளியாகிற அன்று ஊரில் எல்லோரும் தேடுவது இந்த நாலு சொற்களைத்தான். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அந்த ஊரின் மக்கள்தொகையில் அவர்கள் பங்குக்கு ஏற்ப இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் என்கிறது அரசமைப்பு. தமிழ்நாடு 2016-இல் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது. இது பெரிய மாற்றம். பல ஊர்களில் கவுன்சிலரின் கணவர்தான் பதவி நடத்துகிறார் என்று சொல்லி இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் குறை பல இடங்களில் உண்மைதான். அதற்கான மருந்து மன்றக் கூட்டத்தில் கணவர்களை உட்கார விடாமல் இருப்பது. இடத்தைப் பறிப்பது அல்ல.

எந்த வார்டு எந்த வகை என்று அறிவிப்பது அரசு, தேர்தல் ஆணையம் இல்லை. இங்கேதான் கவனம் தேவை. சுழற்சி முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரே வார்டு எப்போதும் ஒதுக்கப்பட்டதாக இருக்கக் கூடாது. ஆனால் எல்லையை மாற்றி எண்ணையும் மாற்றிவிட்டால் பழைய 7-ஆவது வார்டு எது, புது 7-ஆவது வார்டு எது என்பதே குழம்பிப்போகும். அப்புறம் சுழற்சி சரியாக நடந்ததா என்று யார் சரிபார்ப்பது?

கோவாவில் 2021-இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். மட்காவ், முர்முகாவ், மாபுசா உட்பட ஐந்து நகராட்சிகளில் வார்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு உரிய மூன்றில் ஒரு பங்கு தரப்படவில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே இன்னொரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது: மாநிலத்தின் சட்டத் துறைச் செயலாளரே கூடுதல் பொறுப்பாக மாநிலத் தேர்தல் ஆணையராகவும் இருந்தார். 2021 மார்ச் 12 தீர்ப்பில் நீதிபதி ரோஹின்டன் நரிமன் தலைமையிலான அமர்வு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அரசுப் பணியில் இருப்பவர் எந்த மாநிலத்திலும் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சின்ன ஊர்களின் வார்டுப் பட்டியல் வழக்கு ஒன்று நாடு முழுவதற்குமான விதியானது இப்படித்தான். வழக்குப் போட்டவர்கள் பட்டியலை நேரத்தோடு பார்த்தார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேதி தள்ளிப்போன கதை

2016 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை மாலை உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. மறுநாள் மனுத்தாக்கல் தொடக்கம். அக்டோபர் 17, 19 ஆகிய தேதிகளில் வாக்குப்பதிவு. பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. வழக்குத் தொடுத்தது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்து, டிசம்பர் 31-க்குள் புதிதாக நடத்தச் சொன்னது. அந்த மாதமே பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் டிசம்பரிலும் நடக்கவில்லை, அடுத்த ஆண்டும் நடக்கவில்லை. மேல்முறையீடு, மறுவரையறைச் சட்டம், மாவட்டப் பிரிப்பு, உச்ச நீதிமன்ற வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும் மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான்.

அதாவது 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை, ஐந்து ஆண்டுக்கும் மேலாக, தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஒரு முழுப் பதவிக்காலம் காணாமல் போனது. மத்திய நிதிக்குழு மானியங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைப் போய்ப் பிடிப்பது என்று தெரியாமல் ஜனங்கள் அலுவலக வாசலில் நின்றார்கள். இதற்கு முன்னும் இப்படி ஒரு வறட்சி இருந்திருக்கிறது: 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் 1991-இல் முடிந்தன, அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. அதைத் தடுக்கத்தானே 74-ஆவது திருத்தமே வந்தது? அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஐந்தாண்டுக் கெடு கட்டாயம், வார்டு மாற்றம் போன்ற காரணங்களைக் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது. அந்தத் தீர்ப்பு கையில் இருந்தும் நமக்கு ஐந்து ஆண்டு போனது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1995 முதல் 2025 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்துகொண்டே இருக்கிறது. கொரோனா ஆண்டில்கூட சில வாரம்தான் தள்ளிப்போனது. அரசமைப்பு இரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றுதான். அங்கே அது எந்தக் கட்சி ஆண்டாலும் கைவைக்காத வழக்கமாகிவிட்டது.

தேர்தல் இல்லாத காலத்தில் நகராட்சியை நடத்துவது தனி அலுவலர். பெரும்பாலும் அந்த நகராட்சி ஆணையர்தான் அவர். மன்றத்தின் அதிகாரம் முழுவதும் அவரிடம். தேர்தல் வந்தால் தேர்தல் நடத்தும் அலுவலரும் அதே ஆணையர்தான். மேலே மாவட்டத் தேர்தல் அலுவலராக ஆட்சியர் இருப்பார். இவர்கள் எல்லோரும் மாநில அரசின் ஊழியர்கள். தேர்தல் காலத்துக்கு மட்டும் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகிறார்கள். நேர்மையான அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேர்தல் முடிந்த மறுமாதம் இடமாற்ற உத்தரவு போடப்போவது யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு என்று மாவட்ட அளவில் சொந்தப் பணியாளர்கள் இல்லாத வரை இந்த நெருக்கடி தீராது.

மனுவிலிருந்து மெஷின் வரை

சரி, எல்லை போட்டாகிவிட்டது, ஒதுக்கீடும் தேதியும் வந்துவிட்டன. இனி ஆணையத்தின் விதிகள். 2022-இல் ஜனவரி 26 அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல், 5 அன்று பரிசீலனை, 7 அன்று வாபஸ், 19 அன்று வாக்குப்பதிவு. சின்னம் கையில் கிடைத்த பிறகு பிரசாரத்துக்கு இருந்தது வெறும் பத்துப் பன்னிரண்டு நாள். கட்சிச் சின்னம் உள்ளவருக்கு அது போதும். ஆணையம் ஒதுக்குகிற புதுச் சின்னத்தைப் பத்து நாளில் வீடு வீடாகக் கொண்டு சேர்க்க வேண்டிய சுயேச்சைக்கு அது போதாது.

வேட்பாளருக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அந்த நகராட்சியில் ஏதாவது ஒரு வார்டில் வாக்காளராக இருந்தால் போதும், எந்த வார்டிலும் நிற்கலாம். முன்மொழிபவர் மட்டும் அதே வார்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது. கோவை குருடம்பாளையம் ஊராட்சியில் 2021 அக்டோபரில் ஒருவர் ஒரே ஓட்டு வாங்கிய செய்தி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானதே, அதன் பின்னணி இதுதான். அவர் நின்றது ஒரு வார்டு. அவருக்கும் குடும்பத்துக்கும் ஓட்டு இருந்தது வேறு வார்டு. வீட்டுக்காரர்கள்கூட ஓட்டுப் போடவில்லை என்று சிரித்தவர்கள் அந்த விதியைப் படித்திருக்கவில்லை.

2022-இல் நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. வருமானத்தை வைத்து நகராட்சிகளைத் தரம் பிரிக்கிறார்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை நகராட்சிகளில் செலவு வரம்பு 34,000 ரூபாய். தேர்வு நிலை, சிறப்பு நிலையில் 85,000. செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தோற்றவரும்தான். பல சுயேச்சைகள் இதை மறந்து, அடுத்த முறை நிற்கிற தகுதியை இழக்கிறார்கள். சொத்து விவரமும் வழக்கு விவரமும் உறுதிமொழிப் பத்திரத்தில் வர வேண்டும். நகராட்சியோடு ஒப்பந்த வேலை வைத்திருந்தாலோ, வரி பாக்கி இருந்தாலோ தகுதி போய்விடும். கடைசி விதி எனக்குப் பிடித்தமானது. சொத்து வரியும் தண்ணீர் வரியும் ஒழுங்காகக் கட்டுகிறவர்தானே ஊர்ப் பணத்தைப் பற்றி மன்றத்தில் பேச வேண்டும்?

பரிசீலனை நாள்தான் இந்தக் கட்டத்தில் ஆபத்தான நாள். ஒரு கையெழுத்து சரியில்லை என்று ஒரு மனு தள்ளுபடியானால், ஒரு வார்டில் போட்டியே இல்லாமல் போகலாம். 2022-இல் 218 பேர் போட்டியின்றி வந்தார்கள். பெரும்பாலானவை பேரூராட்சி வார்டுகள். எல்லாமே தில்லுமுல்லு என்று சொல்ல வரவில்லை. ஊர் கூடிப் பேசி ஒருவரை ஒப்புக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் தூத்துக்குடி மாவட்டம் கடம்பூர் பேரூராட்சியில் மனுப் பரிசீலனையில் முறைகேடு என்று புகார் எழுந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் அந்தப் பேரூராட்சியின் தேர்தலையே ரத்து செய்ய வேண்டி வந்தது. ஆணையம் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் அது ஒரு சான்று. பரிசீலனை மேசையில் வேட்பாளர் தன் மனுவின் நகலையும் முன்மொழிந்தவரையும் கூடவே வைத்திருப்பது நல்லது. என் கையெழுத்து இல்லை என்று முன்மொழிந்தவர் பல்டி அடிப்பது சின்ன ஊர் அரசியலில் நடக்காத காரியமல்ல.

வாக்குப்பதிவு நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் தேர்தல் மறைமுகம், அதாவது கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால், 2022-இல் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும். இயந்திரத்தில் யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டுகிற விவிபேட் சீட்டு இல்லை, யாருக்கும் ஓட்டு இல்லை என்று சொல்கிற நோட்டா பொத்தானும் இல்லை. சட்டமன்றத் தேர்தலில் பழகிவிட்டு வந்தவர்களுக்கு இது புதிராக இருந்தது. இரண்டும் இங்கேயும் வர வேண்டும். 350 ஓட்டில் ஜெயிக்கிற இடத்தில் பத்து ஓட்டுச் சந்தேகம்கூட ஊரைப் பல ஆண்டு பிளந்து போடும்.

பூத் ஏஜென்ட்டின் எல்லை என்ன என்பதை அன்று மேலூர் காட்டியது. மதுரை மாவட்டம் மேலூர் நகராட்சியின் 8-ஆவது வார்டு வாக்குச்சாவடியில் ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணைப் பார்த்து, அதை எடுத்துவிட்டு ஓட்டுப் போடச் சொன்னார் பா.ஜ.க. ஏஜென்ட். மற்றக் கட்சி ஏஜென்ட்டுகள் உடனே எதிர்த்தார்கள். சிறிது நேரம் வாக்குப்பதிவு நின்றது. போலீஸ் அவரை வெளியே கொண்டுபோனது. ஏஜென்ட்டுக்கு உரிமை இல்லாமல் இல்லை. வந்திருப்பவர் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று தலைமை அலுவலரிடம் ஆட்சேபிக்கலாம். சரிபார்ப்பது அலுவலரின் வேலை. தேவைப்பட்டால் பெண் ஊழியர் பார்ப்பார். வாக்காளருக்கு நேரடியாகக் கட்டளை போட ஏஜென்ட்டுக்கு எந்த விதியிலும் இடமில்லை. அன்று அதைச் சொல்லித் தடுத்தது வெவ்வேறு கட்சிகளின் சக ஏஜென்ட்டுகள் என்பது எனக்கு நம்பிக்கை தந்த விஷயம். திருமங்கலம், ஜெயங்கொண்டம், திருவண்ணாமலை உட்பட சில இடங்களில் கோளாறும் தகராறும் நடந்த 7 வாக்குச்சாவடிகளுக்கு 21 அன்று மறுவாக்குப்பதிவு நடத்தினார்கள். எண்ணிக்கையில் ஓட்டு சமமானால் குலுக்கல். முடிவில் குறை இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு.

சேர்மன் நாற்காலி

கவுன்சிலர் தேர்தல் முடிந்ததோடு ஊருக்குத் தலைவர் வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மாற்றப்பட்ட விதி இதுதான். 1996, 2001 தேர்தல்களில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் தி.மு.க. அரசு மறைமுகத் தேர்தலுக்கு மாற்றியது. 2011-இல் அ.தி.மு.க. அரசு மறுபடி நேரடித் தேர்தல். 2016-இல் அதே அ.தி.மு.க. மறைமுகம் என்றது, 2018-இல் நேரடி என்றது, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகம் என்றது. 2022-இல் அந்த மறைமுக முறைதான் நடந்தது.

இரண்டு முறைக்கும் நியாயம் இருக்கிறது. நேரடியாக ஜெயித்த தலைவருக்கு ஊர் முழுவதும் பொறுப்பு; ஆனால் மன்றத்தில் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம் இருந்தால் பட்ஜெட்டே நிறைவேறாமல் கிடக்கும். மறைமுகத்தில் தலைவரும் மன்றமும் ஒரே பக்கம். ஆனால் 28 பேரில் 15 பேரை வளைத்துவிட்டால் போதும் என்பதால் பேரம் நடக்கும், கவுன்சிலர்களை வேனில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் வைப்பார்கள். எந்த முறை வேண்டுமானாலும் இருக்கட்டும். தேர்தல் நெருங்க நெருங்க, ஆளுங்கட்சி தன் வசதியைப் பார்த்து மாற்றுவதைத்தான் ஏற்க முடியாது. ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் கோல் கம்பத்தை நகர்த்துவதுபோல இது. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது இரண்டு பதவிக்காலத்துக்கு அதைத் தொடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதலாம். அதற்குப் பணச் செலவும் இல்லை.

2022 மார்ச் 2 அன்று கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். 4 அன்று காலை தலைவர், பிற்பகல் துணைத் தலைவர் தேர்தல். வாக்களிப்பு ரகசியம். கட்சித்தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். நகராட்சி மன்றத்தில் கட்சிக் கொறடா உத்தரவை மீறினால் இங்கே பதவி போகாது. கேரளத்தில் 1999 முதலே உள்ளாட்சிகளுக்கு என்று தனிக் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இல்லாததன் விளைவு அன்றே தெரிந்தது. தி.மு.க. கூட்டணியில் தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தி.மு.க.காரர்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள். கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் நகராட்சியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவி அப்படிப் போனது. அப்படி ஜெயித்தவர்கள் பதவி விலக வேண்டும் என்று கட்சித் தலைவரான முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே அறிக்கை விட வேண்டியதாயிற்று. கட்சி கட்டளையிடலாம், சட்டம் துணைக்கு வராது.

மறைமுகத் தேர்தலை நடத்துகிறவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சண்டிகர் காட்டியது. 2024 ஜனவரி 30 மேயர் தேர்தலில் 36 ஓட்டு. தேர்தலை நடத்திய அனில் மாசி, ஒரு நியமன உறுப்பினர், எட்டு வாக்குச்சீட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்தார். 16 ஓட்டு வாங்கிய பா.ஜ.க. வேட்பாளர் 12 ஓட்டு வாங்கிய குல்தீப் குமாரைத் தோற்கடித்ததாக முடிவு சொன்னார். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவரே பேனாவை எடுத்துச் சீட்டுகளில் குறியிடுவது அதில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று அந்த எட்டும் செல்லும் என்று சொல்லி, குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது. சின்ன நகராட்சிகளில் தலைவர் தேர்தல் நடக்கிற மன்றக் கூடத்திலும் கேமரா ஓட வேண்டும், பதிவு ஆணையத்திடம் போக வேண்டும். சண்டிகரில் அது இல்லாமல் இருந்திருந்தால் அந்த எட்டு ஓட்டும் செல்லாத ஓட்டாகவே போயிருக்கும்.

பதவிக்கு வந்த பிறகும் நாற்காலி நிலையில்லை. மறைமுக முறையில் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். 2024-இல் நெல்லையிலும் காஞ்சிபுரத்திலும் மேயர்கள் மீது கொண்டுவந்த தீர்மானங்கள் கவுன்சிலர்களே கூட்டத்துக்கு வராததால் விழுந்தன. 2025 ஜூலையில் சங்கரன்கோவில் நகராட்சியில் தீர்மானம் ஜெயித்து, தலைவர் பதவி இழந்தார்.

2027

இப்போதைய நகராட்சி மன்றங்கள் 2022 மார்ச்சில் தொடங்கியவை. 2027 மார்ச்சில் ஐந்தாண்டு முடிகிறது. அதற்குள் புது மன்றம் வர வேண்டும் என்றால் 2027 ஜனவரியில் அறிவிப்பு வந்தாக வேண்டும். அதற்கு முன் வார்டு எல்லையும் ஒதுக்கீடும் அரசிதழில் இருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தேதியும் அதே 2027 மார்ச் 1. புதுக் கணக்கு வரட்டும், அப்புறம் வார்டு பிரிக்கலாம், அதுவரை தனி அலுவலர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வாதம் கிளம்ப எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் 2016-க்குப் பிறகு நாம் கேட்ட வாதங்களும் இதே சாயலில்தான் இருந்தன. 27 மாவட்ட ஊராட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். பழைய கணக்கில் நடக்கிற தேர்தலில் குறை உண்டு, அதை மேலேயே சொன்னேன். தேர்தலே இல்லாமல் இருப்பதைவிட அந்தக் குறையோடு நடப்பது எவ்வளவோ மேல். கிஷன் சிங் தோமர் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

வாக்காளர் பட்டியல் இன்னொன்று. நகராட்சிக்கு என்று தனியாகப் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை வாங்கி வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பெயர் விடுபட்டவர்கள், திரும்பச் சேர்க்காவிட்டால், வார்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். பெயர் இருந்தாலும் வார்டு பிரிக்கும்போது ஒரே வீட்டில் அப்பா 12-ஆவது வார்டிலும் மகள் 13-ஆவது வார்டிலும் விழுந்துவிடுகிற குளறுபடிக்கு வாய்ப்பு அதிகம். வார்டு வாரிப் பட்டியல் வெளியாகும்போது, தான் எந்த வார்டு, வீட்டில் எல்லோரும் அதே வார்டா என்று பார்த்து, மாறியிருந்தால் நகராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.